பழவேற்காட்டில் ஒரு பாதி டேங்க்

திங்கட்கிழமை மாலை நாலு இருபதுக்கு நான் ஒரு வார்த்தை சொன்னேன். எல்லாம் கெட ஆரம்பித்தது அப்போதுதான். புதன்கிழமை காலை என் மகள் காலில் திருக்கை முள் குத்தியதைத்தான் வீட்டில் எல்லோரும் ஆரம்பம் என்கிறார்கள். நான் ஒத்துக்கொள்வதில்லை. காரைப் பூட்டும்போது கைக்கடிகாரத்தைப் பார்த்தேன், அதனால் நேரம் நினைவிருக்கிறது. "டேங்க் பாதிதான் இருக்கு" என்று அலுப்பாகச் சொன்னேன். பக்கத்தில் நின்ற படகுக்காரர் தேசிங்கு அதைக் காதில் வாங்கிக்கொண்டார்.

மதராஸுக்குத் திரும்ப அந்தப் பாதி டேங்க் தாராளம். ஆனால் நான் எங்கள் ஊர் சிரம்பானிலேயே பெட்ரோல் முள் பாதிக்குக் கீழே இறங்கினால் பெட்ரோல் நிலையத்தைத் தேடுகிறவள். வாயை மூடிக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாது.

நானும் என் மகள் வசந்தியும் மலேசியாவிலிருந்து வந்து அப்போது பத்து நாள் ஆகியிருந்தது. எண்பதுகளின் நடுவில் ஒரு பள்ளி விடுமுறை. வசந்திக்குப் பதினாறு வயது. சிரம்பானில் எங்கள் பக்கத்து வீட்டு ஜுலைகா, பழவேற்காட்டில் பிறந்து மலேசியாவில் வாழ்க்கைப்பட்டவர். ஊரிலிருக்கும் தன் அக்கா மைமூன் பீவியிடம் சேர்க்கச் சொல்லி ஒரு பெட்டி கட்டிக் கொடுத்திருந்தார். துணிகள், பால் பவுடர், ஒரு சுவர்க் கடிகாரம். கடிகாரம் பஸ்ஸில் உடைந்துவிடும் என்று மதராஸில் என் தம்பி சேகர் தன் காரைக் கொடுத்தான்.

அது அவன் குவைத்தில் வேலை பார்த்துவிட்டுக் கப்பலில் கொண்டுவந்த ஜப்பான் கார். ஸ்டியரிங் இடப்பக்கம். பின்னால் சிவப்பு எழுத்தில் 'டர்போ' என்று இருக்கும். தெருவில் நிறுத்தினால் பத்துப் பேர் கூடி அந்த எழுத்தைத் தடவிப் பார்ப்பார்கள். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு சேகர் எனக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்தான்.

"அக்கா, இதுக்குத் தொண்ணூத்தி மூணு பெட்ரோல் மட்டும்தான். சாதா பெட்ரோல் போட்டுடாதே."

"பெட்ரோல்ல என்னடா உயர்வு தாழ்வு?"

"இதுல ஒரு காத்தாடி இருக்குக்கா. வெளியே போற புகையோட வேகத்துல அது சுத்தும். சுத்தி, எஞ்சினுக்குள்ள காத்தை அமுக்கி அனுப்பும். அமுக்கின காத்தோட மட்டமான பெட்ரோல் சேர்ந்தா, தீப்பொறி வர்றதுக்கு முந்தியே கண்ட நேரத்துல வெடிக்கும். டக்கு டக்குன்னு கூழாங்கல்லைக் குலுக்கற மாதிரி சத்தம் கேட்கும். கேட்டா காலை எடுத்துடு. இல்லேன்னா பிஸ்டன் ஓட்டையாயிடும்."

மதராஸிலேயே நாலைந்து பங்க்குகளில்தான் அந்தத் தொண்ணூற்று மூன்று கிடைக்குமாம். ஊரைத் தாண்டினால் சாதா மட்டும்தான். சிரம்பானில் எங்கள் பெட்ரோல் நிலையத்தில் இரண்டு குழாய் இருக்கும், பையன் எதைச் செருகினாலும் நான் கேட்டதில்லை. இங்கே ஒரு காருக்குச் சாப்பாட்டில் பத்தியம் வைத்தது போல எனக்கு அலுப்பாக இருந்தது. தலையை ஆட்டினேன்.

சாலையில் இன்னொரு தொல்லை. இடப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறவளுக்கு முன்னால் போகும் லாரியின் முதுகைத் தவிர ஒன்றும் தெரியாது. வலப்பக்க இருக்கையிலிருந்து வசந்தி எட்டிப் பார்த்து, "வரலாம்மா... வேணாம் வேணாம், பஸ்!" என்று சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வைக்கோல் வண்டிக்குப் பின்னால் முக்கால் மணி நேரம் ஊர்ந்தோம். பழவேற்காடு வந்து சேர்ந்தபோது என் தோள்பட்டை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன.

மைமூன் பீவி கடிகாரத்தைப் பிரித்து, காதில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் எங்களை உட்காரச் சொன்னார். "என் தங்கச்சிக்கு என்னைக்கும் நேரத்தப் பத்திதான் கவலை. எனக்கு அஞ்சு வேளை பாங்கு கேக்குது, இது எதுக்கு?" என்றார். ஆனாலும் அப்போதே சுவரில் ஆணி அடிக்கச் சொன்னார். இறால் போட்டு ஆக்கிய சோறு, நண்டுக் குழம்பு. எங்கள் ஊரில் நண்டுக்கு இனிப்பாக ஒரு சாறு ஊற்றுவார்கள். இங்கே மிளகு. வசந்தி மூக்கை உறிஞ்சிக்கொண்டே மூன்று நண்டு தின்றாள்.

அவர்கள் சந்துக்குள் கார் நுழையாது. ஏரிக்கரையில் தேசிங்கு எண்ணெய் டிரம்களை வைத்திருக்கும் கொட்டகை பக்கத்தில் நிறுத்தச் சொன்னார்கள். தேசிங்கு ஏரிக்கு அந்தப் பக்கம் லைட்ஹவுஸ் குப்பத்துக்காரர். மைமூன் பீவி வீட்டுக்கு இருபது வருஷமாக மீன் கொடுக்கிறவர். மறுநாள் எங்களைத் தன் படகில் குப்பத்துக்கு அழைத்துப் போவதாக ஏற்பாடு. காரை நகர்த்த வேண்டி வந்தால் இருக்கட்டும் என்று சாவியை அவரிடம் கொடுத்தேன். அப்போதுதான் டேங்க் பற்றிச் சொன்னேன்.

செவ்வாய்க்கிழமை காலையில் படகு. சமீபத்தில்தான் மிஷின் வாங்கிப் பின்னால் மாட்டியிருந்தார் தேசிங்கு. ஊரே அந்த மிஷின்களைப் பற்றித்தான் பேசிக்கொண்டிருந்தது. ஒரு மருந்து பாட்டிலில் வைத்திருந்த பெட்ரோலைக் கொஞ்சம் ஊற்றிக் கயிற்றை இழுத்தார். மிஷின் கத்தியது. சற்று நேரம் சூடாகவிட்டு, ஒரு குழாயைத் திருப்பினார். சத்தம் தடித்தது, புகை வெளுத்தது.

"என்ன செஞ்சீங்க?" என்று வசந்தி கேட்டாள்.

"பெட்ரோலு எழுப்பி வுடறதுக்கு மட்டுந்தான் பாப்பா. எழுந்துகிச்சுன்னா அப்பால கிருஷ்ணாயில்லயே ஓடும். மிஷினுன்னா அப்பிடித்தான்."

மண்ணெண்ணெயைத்தான் அங்கே கிருஷ்ணாயில் என்கிறார்கள். நான் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேட்டது, ஆனால் என் காரையும் அந்தப் பேச்சையும் நான் சேர்த்துப் பார்க்கவில்லை. முப்பது பிள்ளைகளுக்கு முன்னால் நின்று எதையும் எதனோடும் பொருத்திப் பார் என்று தினமும் சொல்கிறவள் நான்.

குப்பத்தில் தேசிங்கின் மனைவி குப்பம்மா எங்களைக் கரையிலேயே பிடித்துக்கொண்டார். மணலில் கருவாடு காய்ந்தது. வலை பின்னிக்கொண்டிருந்த பெண்கள் என்னைச் சுற்றி வந்து உட்கார்ந்தார்கள்.

"நீயாம்மே காரு ஓட்டிகினு வந்தே? வூட்டுக்காரரு இன்னா பண்றாரு?"

"ஊர்ல இருக்காரு. அவருக்கு லீவு கிடைக்கல."

"அது சரி, காரும் ஓட்ட ஆள் கீது, சம்பாரிக்கவும் ஆள் கீது. குடுத்து வச்சவ" என்றார் ஒரு பெண். எல்லோரும் சிரித்தார்கள். குப்பம்மா தன் கணவரைக் காட்டி, "எங்காளுக்கு அந்த மிஷினு வந்ததுலேர்ந்து நான் கண்ணுல படறதே இல்ல. அதுக்கு எண்ண ஊத்தறாரு, தொடைக்கிறாரு, கோணி போத்தறாரு. எனக்கு ஒரு தபா போத்தியிருப்பாரா?" என்றார்.

தேசிங்கு காதில் வாங்காதவர் போல மிஷினின் டேங்கைக் கழுத்து வரை ரொப்பிக்கொண்டிருந்தார். கரைக்கு வந்ததும் செய்கிற முதல் வேலை அது. ஏன் என்று கேட்டேன்.

"கொறையா வுட்டா, உப்புக் காத்து உள்ள பூந்து, விடியறதுக்குள்ள தண்ணியா எறங்கிப்புடும் டீச்சரம்மா. காலைல மிஷினு எழுந்துக்காது. இந்தக் கரையில யாரும் டேங்க்க கொறையா வுட மாட்டோம். விருந்தாளி மிஷினாயிருந்தாலும் நாங்களே ரொப்பிடுவோம். உங்க வண்டியப் பத்தி ஒண்ணியும் கவலப்படாதீங்க. நான் பாத்துகினேன்."

காவலுக்கு ஆள் வைத்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். நன்றி என்றுகூடச் சொன்னேன்.

மாலையில் காற்று ஏறிவிட்டது. எங்களை வைத்துக்கொண்டு ஏரியைத் தாண்ட அவர் சம்மதிக்கவில்லை. குப்பம்மா வீட்டிலேயே படுத்தோம். மடவை மீன் வறுவல், சோறு, ரசம். வசந்தி நன்றாகத் தூங்கினாள். நான் தூங்கவில்லை. புது இடம் என்றால் எனக்கு அப்படித்தான்.

புதன்கிழமை காலை பறவைகளைப் பார்க்க வசந்தி ஏரிக்குள் இறங்கினாள். முழங்கால் அளவுத் தண்ணீர். "காலத் தூக்கி வெக்காத கண்ணு. மண்ணோட இழுத்துகினே நட. திருக்க படுத்துகினு இருக்கும், கால் வர்றது தெரிஞ்சா ஒதுங்கிடும்" என்று குப்பம்மா சொல்லியிருந்தார். வசந்தியும் சறுக்கிச் சறுக்கித்தான் நடந்தாள். தூரத்தில் ஒரு வெள்ளைக் கூட்டம் எழும்பியது. அதைப் பார்த்தவள் நாலு எட்டு ஓடிவிட்டாள்.

அவள் கத்தவில்லை. "அம்மா" என்று சாதாரணமாக, பள்ளிக்கு நேரமாகிவிட்டது என்பதுபோலச் சொன்னாள். பிறகு தண்ணீரிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

குப்பம்மாதான் தூக்கிக்கொண்டு வந்தார். வலது காலின் மேற்புறம் கிழிந்து, ஓரம் நீலமாக இருந்தது. கை பொறுக்கும் சூட்டில் வெந்நீர் வைத்துக் காலை முக்கச் சொன்னார். முக்கி வைத்திருக்கும்வரை வலி குறைந்தது. எடுத்தால் தொடை வரை இழுத்தது. படகில் அண்டாவோடு அக்கரை சேர்ந்தோம். ஊர் ஆஸ்பத்திரியில் நர்ஸ் மட்டும் இருந்தார். ஊசி போட்டார், கட்டைத் தளர்த்திப் பார்த்தார்.

"முள்ளோட முனை ஒடைஞ்சு உள்ள இருக்கு. நான் தொட்டா இன்னும் உள்ள போயிடும். பொன்னேரிக்குக் கொண்டுபோங்க, அங்கே கீறி எடுப்பாங்க. மத்தியானம் ஆக்காதீங்க, வீங்கிடுச்சுன்னா எடுக்கறது கஷ்டம்."

ஒன்பது மணி பஸ் போய்விட்டது. அடுத்தது பன்னிரண்டரைக்கு. நல்லவேளை கார் இருக்கிறது என்றேன். அந்த வார்த்தையை நினைத்தால் இப்போதும் எனக்குக் கூசுகிறது.

கார் கிளம்பவே அடம் பிடித்தது. ஏழெட்டு முறை சாவியைத் திருப்பிய பிறகு எழுந்தது. பின்னால் வெள்ளைப் புகை. பெட்ரோல் முள் முழுசாக நின்றதை நான் பார்க்கவே இல்லை. வசந்தி பின்னிருக்கையில் படுத்திருந்தாள், கால் அண்டாவில். தேசிங்கு அண்டாவைப் பிடித்துக்கொண்டார். குப்பம்மா வலப்பக்கத்தில், என் பக்கத்தில். ஊரைத் தாண்டி வேகம் எடுக்கக் காலை அழுத்தினேன். கூழாங்கல் சத்தம் கேட்டது. டக்கு டக்கு டக்கு. சேகர் சொன்ன அதே சத்தம். காலை எடுத்தேன், குறைந்தது. வசந்தி முனகினாள். மறுபடி அழுத்தினேன். நாலு மைல் போவதற்குள் எஞ்சின் இரண்டு முறை உதறிவிட்டு, ஒரு டீக்கடைக்கு எதிரில் நின்றுவிட்டது. மணி பத்து ஐந்து.

இறங்கினேன். புகையின் வாசனை எங்கள் பாட்டி வீட்டு ஸ்டவ் வாசனை. பெட்ரோல் மூடியைத் திறந்து மோந்தேன். அதே வாசனை.

"இதுல யாரு மண்ணெண்ணெய் ஊத்தினது?"

தேசிங்கு காரிலிருந்து இறங்கி நின்றார். முகத்தில் முதலில் பெருமை இருந்தது. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

"நான்தான் டீச்சரம்மா. பாதி கீதுன்னு சொன்னீங்களே. அன்னிக்கு சாயங்காலமே ரொப்பிட்டேன். நல்ல கிருஷ்ணாயிலு, வடிகட்டி ஊத்தினேன். பாதி பெட்ரோலு எழுப்பறதுக்குப் போதும், அப்பால..." அவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். "காருக்கு அப்பிடி இல்லியா?"

நான் கத்தினேன். என்ன கத்தினேன் என்று எழுதப் போவதில்லை. பள்ளியில் ஒரு பிள்ளையிடம்கூட அப்படிப் பேசியதில்லை.  குப்பம்மாதான், "கத்து, கத்தித் தீத்துக்கோ. அப்பால தண்ணி ஆறுது, சுடுதண்ணி கேளு" என்றார்.

டீக்கடைக்காரர் கேட்காமலேயே கெட்டிலோடு வந்தார். தேசிங்கு அவருடைய சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரைப் பார்த்து மிதித்தார். எங்கே போகிறார் என்று சொல்லவில்லை. ஓடிவிட்டார் என்றே நினைத்தேன்.

முக்கால் மணி நேரம் சாலையோரம். டீக்கடைக்காரர் பத்து நிமிஷத்துக்கு ஒருமுறை அண்டாவில் வெந்நீர் மாற்றினார். எனக்கு டீயும், காய்ந்த ரொட்டிபோல இரண்டு பொறையும் கொடுத்தார். சிரம்பானில் நாங்கள் காலையில் வெண்ணெய் தடவிய ரொட்டி சாப்பிடுவோம். பொறையைத் தோய்த்தால் அது டீக்குள்ளேயே கரைந்து போனது. அதைக்கூட என்னால் சரியாகச் செய்ய முடியவில்லையே என்று அழுகை வந்தது. வசந்தி ஒருமுறை வாந்தி எடுத்தாள். "மாமாகிட்ட என்னம்மா சொல்லப்போறே?" என்று கேட்டாள். காரைப் பற்றி அவள்தான் கவலைப்பட்டாள்.

ஒரு மொபெட் வந்தது. ஓட்டி வந்தவர் படகு மிஷின்களைப் பழுது பார்க்கும் காசிம் பாய். பின்னால் தேசிங்கு, மடியில் ஒரு கோணி. கோணிக்குள் பாட்டில்கள் கிணுகிணுத்தன.

காசிம் பாய் காரின் பின்புறத்தைப் பார்த்ததும், "அட, டர்போ! குவைத்துல ஒரு ஷெட்ல இதே மாதிரி ஒண்ணுல கை வச்சிருக்கேன்" என்றார். பிறகு தேசிங்கிடம் திரும்பினார். "யோவ், இது இன்னா உன் படகா? ராஜா வீட்டுக் குதிரைக்கு நீ கூழு ஊத்தியிருக்கே."

காருக்கடியில் படுத்து, டேங்கின் அடித் திருகைக் கழற்றி முழுவதையும் வடியவிட்டார். பிறகு பாட்டில்களை வரிசையாக வைத்தார். மருந்து பாட்டில், சோடா பாட்டில், ஒரு ஹார்லிக்ஸ் பாட்டில். காலை மீனை இறக்க ஊர்க் கரைக்கு வந்து நின்ற ஒவ்வொரு குப்பத்துப் படகிலும் மிஷினை எழுப்ப வைத்திருந்த பெட்ரோல். படகு படகாகக் கேட்டு வாங்கி வந்திருந்தார் தேசிங்கு.

"எல்லாத்தையும் அப்பிடியே ஊத்திட முடியாது டீச்சர். சில பேரு மிஷினுக்குன்னு இதுலயே எண்ண கலந்து வச்சிருப்பானுங்க. வெள்ளப் பேப்பரு இருக்கா?"

வசந்தியின் பையிலிருந்து பறவைக் குறிப்பு எழுதிய நோட்டை எடுத்துக் கடைசித் தாளைக் கிழித்துக் கொடுத்தேன். ஒவ்வொரு பாட்டிலிலிருந்தும் ஒரு சொட்டுத் தாளில் வைத்தார். வெயிலில் காட்டினார். சில சொட்டுகள் இருந்த இடம் தெரியாமல் பறந்துவிட்டன. சிலது எண்ணெய்க் கறையாக, பஜ்ஜி சுற்றிய காகிதம்போல நின்றன.

"கறை வுட்டா கலப்பு. வுடலேன்னா சுத்தம்." கறை விட்ட பாட்டில்களைத் தனியே ஒதுக்கினார். மிஞ்சியது ஒரு சின்ன வாளி அளவு.

"இது சாதா பெட்ரோலுதான் டீச்சர். இந்த வண்டிக்குத் தொண்ணூத்தி மூணு வேணும், உங்களுக்கே தெரியும். தீப்பொறியக் கொஞ்சம் லேட்டாக்கி வைக்கிறேன். நீங்க காத்தாடிய எழுப்பாம ஓட்டணும். அதோ, காத்து அமுக்கறதக் காட்டற அந்தக் குட்டி முள்ளு இருக்குதே, அது கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டினா எஞ்சினு போச்சு, நடு ரோட்டுல நிப்பீங்க. பயமா இருந்தா பன்னண்டரை பஸ்ஸுக்கு வெயிட் பண்ணுங்க. யோசிச்சுச் சொல்லுங்க."

அப்போது மணி பதினொன்று பத்து. கார், தம்பி குவைத்தில் உழைத்த எட்டு வருஷம். வெந்நீரிலிருந்து எடுத்த காலை வசந்தி கையால் பிடித்துக்கொண்டிருந்தாள், விரல்கள் தடித்துப் போயிருந்தன.

"ஊத்துங்க" என்றேன்.

எஞ்சின் மூடிக்குள் தலையை விட்டு எதையோ தளர்த்தி, ஒரு விரல்கடை திருப்பி, மறுபடி இறுக்கினார். கிளப்பச் சொன்னார். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இன்னும் கொஞ்சம் திருப்பினார். "போங்க. மெதுவா. மாட்டு வண்டி முந்திகிட்டுப் போனாலும் ரோஷம் வரக்கூடாது."

மெதுவாகப் போவது எவ்வளவு கஷ்டம் என்று அன்றுதான் தெரிந்தது. பின்னால் பிள்ளை முனகும்போது கால் தானாகவே அழுத்தப் பார்க்கும். குட்டி முள் நடுங்கிக்கொண்டு கோட்டை நெருங்கும். உடனே காலைத் தளர்த்துவேன். முன்னால் ஒரு டிராக்டர். எனக்கு எதிரே ஒன்றும் தெரியவில்லை. வலப்பக்கத்தில் இப்போது வசந்தி இல்லை.

"குப்பம்மா, எதிர்ல ஏதாவது வருதா பாருங்க."

அவர் காரில் உட்கார்ந்ததே அன்றுதான். சன்னல் வழியே பாதி உடம்பை வெளியே விட்டுவிட்டார். "வர்றான் வர்றான், லாரிக்காரன்! இரு... இரு... போய்ட்டான் கம்மனாட்டி. இப்ப அடி! அடிம்மே!"

"அடிக்க முடியாது குப்பம்மா, முள் ஏறிடும்."

"அப்ப கெஞ்சு!" என்று சொல்லிவிட்டு, டிராக்டர்காரனைப் பார்த்துத் தன் குரலில் ஒரு கூச்சல் போட்டார். கடலில் பக்கத்துப் படகைக் கூப்பிடும் குரல் அது. டிராக்டர் வயலோரமாக ஒதுங்கியது. அப்படியே மூன்று வண்டிகளை ஒதுக்கினார். பின்னிருக்கையிலிருந்த தேசிங்கைக் கண்ணாடியில் பார்த்தேன். அண்டாவிலிருந்து ஒரு சொட்டுக்கூடச் சிந்தாமல், அலையில் படகுக்கு வளைந்து கொடுப்பதுபோல உட்கார்ந்திருந்தார்.

கூழாங்கல் சத்தம் வழியில் இரண்டு தடவை கேட்டது. பொன்னேரி ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்தியபோது மணி பன்னிரண்டு ஐந்து. 

முள்முனை ஒரு நகத்துண்டு அளவுதான் இருந்தது. இரண்டு பக்கமும் ரம்பம்போலப் பல். டாக்டர் அதைத் தட்டில் வைத்துக் காட்டினார். "நேரத்துக்குக் கொண்டுவந்தீங்க. சூடு வச்சது யாரு? நல்ல வேலை" என்றார். குப்பம்மா சேலையால் வாயைப் பொத்திக்கொண்டு சுவரோரம் நகர்ந்தார். இரண்டு நாள் வசந்தியை அங்கேயே வைத்திருக்கச் சொன்னார்கள். திரும்பிப் பார்த்தால் தேசிங்கைக் காணோம். பஸ்ஸேறிப் போய்விட்டதாகச் சொன்னார்கள். நான் கத்தியது ஞாபகம் வந்தது. மன்னிப்புக் கேட்க நேரம் இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

தபால் ஆபீஸிலிருந்து சேகருக்கு டிரங்க் கால் போட்டேன். வசந்தியைப் பற்றி ஐந்து கேள்வி கேட்டான். பிறகுதான், "எஞ்சின் ஓடுதா?" என்றான்.

"ஓடுது. மெதுவா ஓட்டினேன்."

"இனிமே தொடாதே. நாளைக்கு ராத்திரிக்குள்ள தொண்ணூத்தி மூணோட நானே வர்றேன்."

வியாழக்கிழமை காலை வசந்திக்கு வீக்கம் வடிந்திருந்தது. இட்லி கேட்டாள். குப்பம்மா கட்டிலுக்குக் கீழே உட்கார்ந்து அவளோடு ஊர்க் கதை பேசிக்கொண்டிருந்தார். பேச்சோடு பேச்சாகத்தான் சொன்னார். "இன்னிக்கு எங்க கரையில பதினோரு மிஷினு எழுந்திருக்காது. எழுப்பற பெட்ரோலு உங்க வண்டில கீதே. அல்லாரும் பழையபடி துடுப்புப் போட்டுகினு போயிருப்பானுங்க. கையி காச்சுப் போச்சுன்னு திட்டுவானுங்க, திட்டட்டும்." பிறகு வசந்தியின் தலையை வாரிவிட்டார்.

மத்தியானம் வெளியே பெஞ்சில் வந்து உட்கார்ந்தேன். எதிரில் வேப்பமரத்தடியில் கார். சிறுவர்கள் யாரும் அந்த எழுத்தைத் தடவவில்லை. அதன்மேல் காகம் எச்சமிட்டிருந்தது. மூன்று நாளாகத் தூக்கமில்லாமல் கண் எரிந்தது. சேகருக்காகக் காத்திருந்தேன். அவனுக்கு என்ன பதில் சொல்வது என்று வாக்கியம் வாக்கியமாகத் தயார் செய்துகொண்டிருந்தேன்.

மூன்று மணி வாக்கில் மதராஸ் பக்கமிருந்து ஒரு பஸ் வந்து நின்றது. கடைசியாக இறங்கியவர் தலையில் காலி மீன்கூடை. வெள்ளைச் சட்டை போட்டிருந்ததால் எனக்கு முதலில் அடையாளம் தெரியவில்லை. தேசிங்கு. நேராக என்னிடம் வரவில்லை. உள்ளே போய் வசந்தியின் காலைப் பார்த்துவிட்டு வந்தார். பிறகு கூடையை இறக்கி, கோணியை விலக்கி, ஒரு புது தகர டின்னை வெளியே எடுத்தார்.

"வெடிகாலைல போனேன். ஆறு பங்க்கு ஏறி எறங்கினேன், ஏழாவதுலதான் கெடச்சுது. தொண்ணூத்தி மூணு. கூடைக்குள்ள வச்சுகினேன், மீன் வாசனைல கண்டக்டரு மூக்குக்குத் தெரியல."

நான் எழுந்து நின்றேன். தயார் செய்து வைத்திருந்த வாக்கியங்கள் எல்லாம் வேறு ஒருவருக்காக இருந்தன. "தேசிங்கு, நான் நேத்துப் பேசினது..." என்று ஆரம்பித்தேன்.

அவர் கையை அசைத்து அதை ஒதுக்கிவிட்டார். சட்டைப் பையிலிருந்து நாலாக மடித்த ஒரு வெள்ளைத் தாளை எடுத்து என் கையில் கொடுத்தார். டின்னின் மூடியைத் திருகித் திறந்து, என் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"ஒரு சொட்டு வுட்டு நீங்களே பாருங்க டீச்சரம்மா. கறை வுடலேன்னு நீங்க சொல்லுங்க. அப்பாலதான் ஊத்துவேன்."